தீப்பெட்டி தந்த நிறம்

கடலைமிட்டாய்க் கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு நாலு நாள் ஆகியும் ஒன்றும் ஓடவில்லை. படங்கள் பகிரும் தளமான பின்ட்ரெஸ்ட்டில் மேயும்போது கண்ணில் பட்டதெல்லாம் ஒரே மாதிரி வெளிர்நிற பேக்கரிப் பக்கங்கள்தான். பார்க்கப் பார்க்க என் கையும் அதே மாதிரி வரையத் தொடங்கிவிட்டது.

அப்புறம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள். ஒன்றில் கிளி. அச்சு அரை மில்லிமீட்டர் விலகி, சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி மஞ்சளில் ஏறியிருந்தது. அந்த விலகலைத்தான் திருடினேன். தலைப்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால், சற்றுத் தள்ளி, சிவப்பு நிழல்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபாண்ட்ஸ். தலைப்புக்குக் கொழுகொழு ‘பலூ தம்பி’, உள்ளே வரும் பத்திகளுக்கு ‘முக்தா மலர்’. இரண்டையும் செய்தது மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம். திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் காசு கிடையாது.

ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.4 மடங்கு; அதில் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி எழுத்தின் தலையில் இடித்தது. 1.7 வைத்தேன், சரியானது. ‘தொடர்புகொள்ளுங்கள்’ மட்டும் மொபைல் பட்டனில் அடங்கவில்லை. ‘பேசுங்க’ என்று மாற்றினேன். கடைக்காரருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.