பத்திரமாக வைத்ததும் பரணில் போட்டதும்

நூறு வருடத்துப் பழைய ராமாயணத்துக்குப் பழைய புத்தக வியாபாரியான நான் சொல்லும் விலையைக் கேட்டு முகம் சுருங்காத வீட்டுக்காரர் குறைவு. பட்டுத் துணியில் சுற்றி, பூஜை அறையில் வைத்து, வருடா வருடம் சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைத்துக் காப்பாற்றிய புத்தகம் அது. இதே மாதிரி இன்னும் பல வீடுகளிலும் காப்பாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் விலை இல்லை. அந்த வீட்டுப் பரணிலேயே பழைய ரசீதுகளோடு கட்டிப் போட்ட காலணாப் பாட்டுப் புத்தகங்களைக் காட்டி "இதையும் கொடுப்பீங்களா?" என்றால், "அது குப்பை சார், சும்மாவே எடுத்துக்கங்க" என்பார்கள். சும்மா எடுப்பதில்லை. ஆனால் அதற்கு நான் விலை சொன்னதும் ராமாயணத்துக்குச் சொன்ன விலையில் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சென்னை குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி, சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்ற எட்டுப் பக்க, பதினாறு பக்கச் சிந்துகள் அவை. கொலை, ரயில் விபத்து, வெள்ளம் என்று ஊர் பேசியதெல்லாம் சிந்தானது. வாங்கியவர் பாடிப் பார்த்துவிட்டுக் கடலைப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிட்டார். படித்தவர்கள் அதைப் புத்தகமாகவே மதிக்கவில்லை. இன்று ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் அதைத்தான் தேடி வருகிறார்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். நூல்களோடு நின்றுவிடாமல் நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் ஒதுக்கியதையும் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது சேகரிப்பில் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அந்த நூலகத்துக்குப் போனால் கொஞ்சம் பொறாமையோடுதான் திரும்புவோம்.

வந்த புத்தகம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ருசி. பல பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இருக்காது, 'விஜய வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுற்றில் அது 1893-ஆகவும் இருக்கலாம், 1953-ஆகவும் இருக்கலாம். அப்போது மற்ற தடயங்களைத் தேட வேண்டும். '1867-ம் வருஷத்து 25-வது ஆக்டுப்படி ரிஜிஸ்டர் செய்யப்பட்டது' என்ற வரி இருந்தால் கீழெல்லை கிடைத்துவிடும். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன்னால். நயா பைசா என்றால் அதற்குப் பின்னால், 1964-க்குள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான். வெறும் 'சென்னை-5' என்று இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்தும் பேசும். லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்போடு இருந்தால் 1978-இல் அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்பதற்கு முந்தையது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் புதிய எழுத்தைப் பார்த்த உடனே 1978-க்குப் பின் என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் அந்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஒரு பழைய சுயமரியாதைப் பிரசுரத்தை யாரோ எண்பதுகளின் மறுபதிப்பு என்று நினைத்துக் கிலோ கணக்கில் போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் எடை போட்டு வாங்கி வந்தேன். இது வியாபாரம், இதில் எனக்கு வெட்கமில்லை.

காகிதத்தைத் தொட்டுப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். கந்தல் துணிக் கூழில் செய்த 1830-களின் தாள் இன்றும் வளைகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் மரக்கூழ்த் தாள் புரட்டும்போதே முறிகிறது. வயது குறைந்ததுதான் முதலில் சாகிறது. இராமபாணப் பூச்சி துளைத்த ஏட்டையாவது படித்துவிடலாம். செலோ டேப் ஒட்டிய பக்கத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பைண்டிங்கில். பக்கத்தைச் சமமாக்க ஓரத்தை வெட்டுவார்கள், மெல்லிய மேலட்டையைக் கிழித்துப் போடுவார்கள். மேலே நான் சொன்ன தடயங்களில் பாதி அந்த மேலட்டையிலும் அதன் பின்பக்க விளம்பரத்திலும்தான் இருக்கும். நூலகங்களும் இதைச் செய்திருக்கின்றன. அதனால் இணையத்தில் இருக்கும் பல ஸ்கேன்களிலும் அட்டை கிடையாது.

வீட்டு பைண்டிங்கை மட்டும் நான் திட்டமாட்டேன். வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தார்களே, அந்த பைண்டு வால்யூம்கள் வேறு நாட்டுச் சேகரிப்பாளர்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியாது. கல்கியின் எழுத்து அரசுடைமையான பிறகு பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் மணியம் ஓவியங்களோடு வந்த பக்கங்கள் முழுசாக ஒரு வீட்டிலிருந்து வந்தால், கடைக்கு வந்து சேரும் முன்பே விற்றுவிடும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அந்த ஒரு இதழைத் தேடி அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததைப் பற்றி மூத்த வியாபாரிகள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். தொழிலை அதிகம் மாற்றியது என்னவோ ஸ்கேன்தான் என்பேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிக்க மட்டும் வேண்டியவர்கள் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். நல்லதுதான், முறிகிற தாளை எத்தனை பேர் புரட்டுவது? இப்போது வருகிறவர்கள் அட்டை இருக்கிறதா, முன்பு வைத்திருந்தவர் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நூலக முத்திரை இருந்தால் நான் எதையும் வாங்குவதில்லை. கழித்துக் கட்டியதா, களவு போனதா என்று முத்திரை சொல்லாது.

சமீபகாலமாகக் கல்யாண மொய் நோட்டுகளை எடுத்து வைக்கிறேன். ஊர், பெயர், ஐந்து ரூபாய், பதினொரு ரூபாய், ஒரு பித்தளைக் குடம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கடைப் பையன், "இத யாருண்ணே வாங்குவா?" என்கிறான். இன்றைக்கு யாரும் வாங்குவதில்லை. பழைய பேப்பர் கடையில் கிலோ விலைக்கே தருகிறார்கள்.