கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு சொகுசு ரிசார்ட்

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு மாந்தோப்பை வாங்கி ரிசார்ட் கட்டலாம் என்று முதலாளி இறங்கியபோது, கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள என்னைச் சேர்த்தார். பாலித் தீவில் எடுத்த போட்டோக்களைக் காட்டினார். திறந்த கூடம், மெல்லிய மரச்சுவர், புல் கூரை. "இதே மாதிரி வேணும் தம்பி."

பாலியில் காற்றில் எப்போதும் ஈரம். ராத்திரிக்கும் பகலுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அங்கே சுவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காற்று ஓடினால் போதும். நம் ஊர் கடலுக்குத் தள்ளி இருக்கிறது. ஏப்ரல், மே மாதப் பகலில் அனல் காற்று, விடியற்காலையில் ஓரளவு குளுமை. இங்கே கனத்த சுவரும் நடுவில் முற்றமும்தான் சரி. சந்தேகம் இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு ஏதாவது பழைய தொட்டிக்கட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள்.

அனுமதி வேலைகள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்: நில உபயோக மாற்றம், டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம், தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். நாங்கள் அதற்குள்ளேயே முடித்துக்கொண்டோம்.

உண்மையான சண்டை மேற்குப் பக்கத்தில் வந்தது. அணைத் தண்ணீர் தெரிவது அந்தத் திசையில்தான். அறைக்கு முழுக் கண்ணாடி வேண்டும் என்பதில் முதலாளி உறுதியாக இருந்தார். வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஆர்க்கிடெக்ட் இரண்டு மாதிரி அறைகளைக் கட்டச் சொன்னார். ஒன்றில் வெறும் கண்ணாடி. இன்னொன்றில் பத்தடித் தாழ்வாரத்துக்கு உள்ளே தள்ளிய கண்ணாடி. மே மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளியை முதல் அறைக்குள் உட்கார வைத்தோம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் விரிப்பில் கை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். அடுத்த அறைக்குப் போனார், அங்கேயே டீ கேட்டார். ஆனால் ஐந்து மணி வெயில் தாழ்வாரத்துக்கு அடியிலும் நுழைந்தது. அதற்கு மெல்லிய மரச்சட்டங்களால் ஆன தட்டி வைத்தோம், வரிசையாக நின்ற மாமரங்களை வெட்டாமல் விட்டோம்.

வடக்குப் பக்கமும் சும்மா இருக்காது. நாம் பூமத்திய ரேகைக்கு 12½ டிகிரி வடக்கே இருப்பதால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடக்கே இருந்து சாய்ந்துதான் விழும். அந்தப் பக்கமும் சன்ஷேடு அகலமாக வேண்டும்.

கல்லுக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே, நீச்சல் குளத்தைச் சுற்றிப் பளபள கறுப்பு கிரானைட் போடலாம் என்றார் முதலாளி. மேஸ்திரி ஒரு பலகையை வெயிலில் போட்டுவைத்து, "செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க சார்" என்றார். வெளிர் நிறக் கல்லை நெருப்பில் சொரசொரப்பாக்கிப் போட்டோம். சூடும் குறைவு, ஈரக்காலில் வழுக்கவும் வழுக்காது. தோப்பில் இருந்த பெரிய பாறையை வெடி வைக்காமல் வரவேற்புக் கூடத்துக்குப் பின்சுவராக விட்டுவிட்டோம். இலங்கையில் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் கந்தளம ஓட்டலைப் பாறையோடு ஒட்டியே கட்டியிருப்பதை ஆர்க்கிடெக்ட் காட்டிய பிறகுதான் முதலாளி இதற்குச் சம்மதித்தார்.

ஐப்பசி மழையில் அலமாரிகளில் பூஞ்சை வாசம் வந்தது. குளியலறை விசிறி காற்றை வெளியே இழுக்க, கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈரத்தை எடுத்த புதுக்காற்றை அறைக்குள் தனியாகச் செலுத்தியதும் நின்றது. போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம், ஷவர் துளைகள் அடைத்துக்கொண்டன. இந்த வட்டாரத்தில் ஃபுளோரைடும் உண்டு. அதனால் குளிக்க மென்னீர்க் கருவி, குடிக்க ஆர்ஓ. சுத்திகரித்த கழிவுநீர் மாமரங்களுக்குப் போகிறது.

அந்த மரங்களிலும் ஒரு வில்லங்கம். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வந்தால், அது கழிக்கும் தேன் மாதிரியான நீர் விழுந்து கீழே நிற்கும் கார் முழுக்கப் பிசுபிசுப்பு. விருந்தாளிகள் திட்டியதும் பார்க்கிங்கை ரோட்டுப் பக்கம் மாற்றி, ஷீட் கூரை போட்டுவிட்டோம்.