பதினெட்டாவது பெட்டி

மார்ச் 3, 2024

காலையிலிருந்து பதினெட்டாவது பெட்டியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். தாள் சேர்க்கிற இந்தப் பழக்கம் ஏழாம் வகுப்பில் ஒரு பிஸ்கட் டின்னில் ஆரம்பித்தது. பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், அம்மா போட்ட இன்லண்ட் லெட்டர் என்று எதையும் நான் விட்டதில்லை. ஸ்டேப்ளர் பின்னெல்லாம் துருவேறித் தாளைத் தின்றிருக்கிறது, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட்டு நூலால் கட்டினேன். ராமபாணப் பூச்சி இரண்டு ஓடின. வசம்பு வாங்க வேண்டும்.

மார்ச் 5

மெஷின் டிக்கெட் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிட்டது. அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற பூச்சு மட்டும்தான், நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். இது தெரியாமல், 2016-ல் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த டிக்கெட்டை லேமினேட் செய்யக் கொடுத்தேன். முழுக்கக் கறுப்பாக வெளியே வந்தது. கடையிலேயே கண் கலங்கிவிட்டது. அன்றிரவே ஒரு துண்டுத்தாளில் ஜன்னலோர சீட்டுக்கு அவர் அடம்பிடித்ததையும், ஆற்றுப்பாலம் வந்ததும் என் கையைத் தட்டித் தண்ணீரைக் காட்டியதையும் எழுதி அதன் பின்னால் ஒட்டினேன். டிக்கெட் நன்றாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மார்ச் 10

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், 1992-ல் இறக்கும்வரை புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கிழித்துப் போடுகிறதையும் சேர்த்தார். இன்று தரமணியில் அது ஒரு ஆராய்ச்சி நூலகம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் அப்படித்தான், கப்பல் வந்த சேதியும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் வீட்டுப் பேச்சும் ஊர் வம்பும் அடுத்தடுத்து வரும். எது முக்கியம் என்று அவசரப்பட்டுப் பிரிக்காததால்தான் அந்தக் காலம் அதில் உயிரோடு இருக்கிறது.

மார்ச் 17

அப்பாவின் மளிகை நோட்டு கிடைத்தது! து.பருப்பு 1 கி., புளி ½, நல்லெண்ணெய். ஓரத்தில் வேறு மையில், சாய்வாக, "நல்ல மழை. குடை கடையிலேயே." அவ்வளவுதான். அப்பா நாட்குறிப்பு எழுதியவர் இல்லை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் இப்படி ஒரு வரி இருக்கிறது. கறுத்த டிக்கெட்டை அந்தப் பக்கத்துக்குள் வைத்தேன், அப்புறம் வெகுநேரம் மூடவில்லை.

இனி எதைப் போட்டாலும் பின்னால் பென்சிலில் நாலு வரி. பத்தொன்பதாவது பெட்டிக்கு முதல் தாள் வசம்பு மடித்துவந்த பேப்பர்: "நாட்டுமருந்துக் கடை, சாயங்காலம் ஆறு மணி, இன்றும் மழை."