புரோகிராம் எங்கே?

புரோகிராம் மேலாளர்களுக்கான பி.ஜி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்காக நான் எழுதிய அனுபவக் குறிப்புகளை, அந்தச் சான்றிதழை முன்பே வாங்கியிருந்த மூத்த சக ஊழியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் தாள்கள் திரும்பி வந்தன. உள்ளே ஒரு திருத்தம்கூட இல்லை. முதல் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்: "இதெல்லாம் நல்ல புராஜெக்ட் மேலாளர் செய்கிற வேலை. புரோகிராம் எங்கே?"

அடுத்த ஏழு மாதங்களும் இந்தக் கேள்வியோடுதான் கழிந்தன.

1969-இல் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) அமைப்பின் சான்றிதழ்களில், புராஜெக்ட் மேலாளர்களுக்கான பி.எம்.பி.யைப் பலரும் அறிந்திருப்பார்கள். பி.ஜி.எம்.பி. 2007 முதல் இருந்தாலும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஒன்றையொன்று சார்ந்த பல புராஜெக்ட்களைச் சேர்த்து நடத்தி, தனித்தனியாக நடத்தினால் கிடைக்காத பலனை எடுத்துத் தருகிறவர்களுக்கானது அது. பட்டதாரியாக இருந்தால் நான்கு ஆண்டு புராஜெக்ட் அனுபவமோ பி.எம்.பி. சான்றிதழோ வேண்டும், அதற்கு மேல் நான்கு ஆண்டு புரோகிராம் அனுபவமும் வேண்டும். எல்லாம் கடைசி 15 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். இதற்குப் பிறகும் உடனே தேர்வு எழுதிவிட முடியாது. புரோகிராம் மேலாளர்கள் அடங்கிய குழு நம் குறிப்புகளைப் படித்து ஏற்றுக்கொண்டால்தான் தேர்வு எழுதலாம்.

அந்தக் குறிப்புகளில்தான் என் முதல் இரண்டு மாதங்கள் போயின. போக வேண்டிய இடம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு சேவை நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் கணக்கு முறையை முழுவதுமாக மாற்றிய பணி என்னுடையது. புது மென்பொருள், தரவு மாற்றம், ஊழியர் பயிற்சி, கிளைகளின் வேலைமுறை மாற்றம் என நான்கு புராஜெக்ட்கள். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "தரவு மாற்றும் பணி ஆறு வாரம் பின்தங்கியது. குழுவோடு இரவு பகலாக உட்கார்ந்து அதை மூன்று வாரமாகக் குறைத்தேன்." எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. பென்சில் வரியைப் பார்த்த பிறகு, அந்த ஆறு வாரத்தில் நான் உண்மையில் வேறு என்னென்ன செய்தேன் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டிப் பார்த்தேன்.

தரவு தாமதமாகும் என்று தெரிந்ததும் பயிற்சியையும் தள்ளிவைத்திருக்கிறேன். முன்கூட்டியே பயிற்சி கொடுத்தால், மென்பொருள் கைக்கு வருவதற்குள் ஊழியர்கள் மறந்துவிடுவார்கள் என்பது காரணம். பயிற்சிக்கு ஒதுக்கிய ஆட்களில் நால்வரைத் தரவுச் சரிபார்ப்புக்கு மாற்றியிருக்கிறேன். கிளைகள் தயாராகாமல் மென்பொருளை மட்டும் குறித்த தேதியில் இயக்கினால் என்ன பலன் நஷ்டமாகும் என்று மேலாண்மைக் குழுவுக்கு விளக்கி, தேதியை மாற்ற ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். புரோகிராம் அங்கே இருந்தது. இரவு பகலாக விழித்ததைத்தான் வேலை என்று நான் எண்ணியிருந்ததால், இதைச் சொல்லத் தோன்றவில்லை. குறிப்பை மாற்றி எழுதினேன். அடுத்த வரைவில் பென்சில் குறி எதுவும் இல்லை. விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. அன்றிலிருந்து ஓராண்டு அவகாசம். அதற்குள் மூன்று முறை வரை எழுதலாம்.

தேர்வில் 170 கேள்விகள், நான்கு மணி நேரம். அவற்றில் 20 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்படுபவை. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை என்று நமக்குத் தெரியாது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. நான் படித்த பாடத்திட்டத்தில் புரோகிராமின் வாழ்க்கைச் சுழற்சிக்கு 44 சதவீதம் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களோடு இணைந்து செயல்படுவதற்கு 16, நிறுவன உத்தியோடு இணைப்பதற்கு 15, ஆளுகைக்கு (முடிவுகளையும் மேற்பார்வையையும் யார், எப்படிச் செய்வது என்ற ஏற்பாடு) 14, பலன் மேலாண்மைக்கு 11. இந்த விகிதத்தைப் பார்த்துப் பலன் பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கினேன். அது தவறு. வாழ்க்கைச் சுழற்சிக் கேள்விகளிலும் பாதிக்கு மேல் பலனைச் சுற்றியே வருவதுபோல் எனக்குப் பட்டது.

பி.எம்.ஐ. வெளியிடும் புரோகிராம் மேலாண்மைத் தரநூலை இரண்டு முறை முழுவதுமாகப் படித்தேன். முதல் வாசிப்பில் எதுவும் ஒட்டவில்லை. மாதிரித் தேர்வு ஒன்றை எழுதி 58 சதவீதம் வாங்கிய பிறகு மறுபடி படித்தபோதுதான் ஒவ்வொரு பத்தியும் என்னைப் பார்த்துப் பேசியது. அதன்பின் தவறான விடைகளுக்கென ஒரு நோட்டுப் போட்டேன். சரியான விடையை அதில் எழுதவில்லை. நான் ஏன் அந்தத் தவறான விடையைத் தேர்ந்தேன் என்பதை மட்டும் எழுதினேன்.

நான் தடுமாறிய கேள்விகளின் சாயலில் ஒன்று சொல்கிறேன். புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு புராஜெக்டுக்குக் கருவிகள் வருவது இரண்டு வாரம் தாமதம் என்று அதன் மேலாளர் தெரிவிக்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்? விற்பனையாளரை அழைத்துப் பேசுவது, கால அட்டவணையைத் திருத்தச் சொல்வது, ஆளுகைக் குழுவுக்குத் தெரிவிப்பது, மற்ற புராஜெக்ட்களையும் பலனையும் இது எப்படிப் பாதிக்கும் என்று பார்ப்பது. சரியான விடை கடைசியில் இருப்பது. ஆரம்பத்தில் என் கை முதல் விடைக்கே போகும். விற்பனையாளரிடம் பேச அந்தப் புராஜெக்ட் மேலாளர் இருக்கிறார். அவருடைய வேலையை நான் எடுத்துக்கொண்டால் என் வேலையைச் செய்ய ஆள் இல்லை.

இதைத் திருத்திக்கொண்டதும் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எந்தச் சிக்கல் வந்தாலும் ஆளுகைக் குழுவிடம் கொண்டு போவதாகவே விடை குறித்தேன். நோட்டில் இருபது பக்கம் தாண்டியபோது அதுவும் கண்ணில் பட்டது. நமக்குக் கொடுக்கப்பட்ட அதிகார எல்லைக்குள் நாமே முடிவெடுக்க வேண்டும். எல்லை தாண்டும்போதுதான் குழு. தெரிந்த விஷயம்தான், ஆனால் அழுத்தத்தில் கை அதை மறந்துவிடுகிறது. படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இரண்டு சாய்வுகளையும்தான். எத்தனை ஆயிரம் மாதிரிக் கேள்விகள் போட்டாலும், இவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காணாதவரை மதிப்பெண் அசையாது. எனக்கு அசையவில்லை.

படிப்பில் என்னை மிகவும் உலுக்கியது புரோகிராமை முடிக்கும் பகுதி. புராஜெக்ட்கள் முடிந்துவிட்டன என்பதற்காகப் புரோகிராம் முடிந்துவிடுவதில்லை. பலனைத் தொடர்ந்து காக்கப் போகிறவர் யார், எதை வைத்து அளப்பார் என்று முடிவாகி, பொறுப்பு அவர் கைக்கு மாற வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருந்த இரவில் என் சொந்தப் புரோகிராம் நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர் புகார் ஒன்றைத் தீர்க்கும் காலத்தை நான்கு நாளாகக் குறைப்போம் என்று சொல்லித்தான் அத்தனை பணத்தையும் கேட்டிருந்தோம். மென்பொருள் இயங்கியது, பாராட்டுக் கூட்டம் நடந்தது, குழு கலைந்தது. அந்த நான்கு நாளை இப்போது யார் அளக்கிறார்கள்? மறுநாள் செயல்பாட்டுப் பிரிவின் தலைவரைப் போய்க் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நீங்கள் அளப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்" என்றார்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் 40 கேள்விகளில் நேரத்தைக் கொஞ்சம் அதிகமாகச் செலவழித்துவிட்டேன். அதன்பின் சந்தேகமானவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு நகர்ந்தேன். கடைசியில் மீண்டும் பார்க்க 20 நிமிடம் கிடைத்தது. முதல் முயற்சியிலேயே தேறிவிட்டேன். சான்றிதழைத் தக்கவைக்க மூன்று ஆண்டுகளுக்குள் 60 பி.டி.யு. (தொடர்ந்து கற்பதற்கும் தொழிலுக்குப் பங்களிப்பதற்குமான புள்ளிகள்) சேர்க்க வேண்டும், அந்தக் கணக்கை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பிரிவுத் தலைவர் அழைத்தார். புகார்களை அளக்க ஒருவரைப் பொறுப்பாக்கியிருந்தார். முதல் கணக்கு வந்திருந்தது. நான்கு நாள் இல்லை, ஒன்பது நாள். அந்த ஐந்து நாள் எங்கே போகிறது என்று இருவருமாகக் கிளை கிளையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.