டியூக் பவர் வைத்த பரீட்சை

இடஒதுக்கீடு பற்றி யாராவது "தகுதி, திறமை" என்று ஆரம்பித்தால் எனக்கு வில்லி கிரிக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியின் வழக்குதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்கச் சிவில் உரிமை வரலாற்றில் மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்த அளவுக்கு இவரை நம்மில் பலருக்குத் தெரியாது.

வட கரோலினாவில் டிரேப்பர் என்ற ஊரில் டியூக் பவர் கம்பெனிக்கு ஓர் அனல் மின் நிலையம் இருந்தது. ஊழியர்கள் 95 பேர், அதில் கறுப்பர்கள் 14 பேர். மொத்தம் ஐந்து பிரிவுகள், கறுப்பர்களுக்கு லேபர் பிரிவு மட்டும்தான். அங்கே அதிகபட்சச் சம்பளம் வாங்குகிறவருக்குக் கிடைத்தது, மற்ற நாலு பிரிவுகளில் கடைசிச் சம்பளம் வாங்குகிற வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு.

1964ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற அதன் ஏழாம் பகுதி 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி ஒரு புது விதி கொண்டுவந்தது: லேபர் தவிர்த்த பிரிவுகளில் புதிதாகச் சேர பள்ளிப் படிப்புச் சான்றிதழோடு இரண்டு பரீட்சைகளும் தேற வேண்டும். ஒன்று வொண்டர்லிக் பொது அறிவுத்திறன் தேர்வு, 12 நிமிடத்தில் 50 கேள்வி. இன்னொன்று பென்னட் இயந்திர அறிவுத் தேர்வு. சான்றிதழ் இல்லாத பழைய ஆட்களும் இந்த இரண்டையும் தேறினால் வேறு பிரிவுக்கு மாறலாம் என்று பிறகு சொன்னார்கள். பள்ளி முடித்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் தேற முடியாத அளவுக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை வைத்திருந்தார்கள்.

1960 கணக்கெடுப்புப்படி அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த ஆண்கள் வெள்ளையரில் 34 சதவீதம், கறுப்பரில் 12 சதவீதம். கறுப்பர்களைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்து, குறைவாகச் செலவழித்து, அப்புறம் அந்தப் படிப்பையே தகுதி என்று கேட்டால் எப்படி? சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலைகளை நன்றாகவே பார்த்துக்கொண்டு, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கும் விஷயம். அந்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை!

கிரிக்ஸும் இன்னும் 12 பேரும் வழக்குப் போட்டார்கள். கம்பெனிக்குக் கெட்ட நோக்கம் இல்லை, ஆகவே பாகுபாடும் இல்லை என்றது மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டிலும் முழு நியாயம் கிடைக்கவில்லை. 1971 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பாக அதை மாற்றியது. எழுதியவர் நிக்சன் நியமித்த தலைமை நீதிபதி வாரன் பர்கர். நோக்கம் என்ன என்பது போதாது, விளைவைப் பார்க்க வேண்டும், ஒரு தேர்வு ஒரு சாராரை வெளியே தள்ளுகிறது என்றால் அது அந்த வேலைக்கு உண்மையிலேயே அவசியம் என்று முதலாளிதான் காட்ட வேண்டும் என்றார். நரிக்கும் நாரைக்கும் பால் வைத்த கதையைத் தீர்ப்பிலேயே சொல்கிறார்: எந்தப் பாத்திரத்தில் வைக்கிறோம் என்பதும் கணக்கில் வரும்.

ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தர முனைப்பு எடுக்கச் சொல்லி அரசு ஒப்பந்தக்காரர்களுக்கு அதிபர் ஜான்சன் 1965ல் போட்ட அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் ஆணையைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் ஆழமாக வெட்டியது இந்தத் தீர்ப்புதான். 1977ல் அலபாமா சிறைக் காவலர் வேலைக்கு வைத்திருந்த உயரம், எடை விதி பெண்களை வடிகட்டுகிறது என்று நீக்கப்பட்டதும் இதே வழியில்தான்.

1989ல் உச்ச நீதிமன்றமே இதைப் பலவீனப்படுத்தியது, 1991ல் நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதி மீட்டது. 2025 ஜனவரியில் டிரம்ப் ஜான்சனின் ஆணையை ரத்து செய்தார், ஏப்ரலில் இந்த விளைவுக் கோட்பாட்டை வைத்து அரசுத் துறைகள் நடவடிக்கை எடுப்பதைக் குறைக்கச் சொன்னார். ஆனால் 1991 சட்டத்தை ஓர் ஆணையால் அழிக்க முடியாது, அரசு ஒதுங்கினாலும் பாதிக்கப்பட்ட தொழிலாளி தானே நீதிமன்றம் போகலாம்.