மகன் நீர்மூழ்கிப் பயிற்சியில், நாங்கள் பகாவில்

எங்கள் பெரியவன் மலேசியக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் பிரிவுக்குப் பெயர் கொடுத்து, தேர்வாகி, இப்போது சபாவில் செப்பாங்கார் தளத்தில் ஆரம்பப் பயிற்சியில் இருக்கிறான். நெகிரி செம்பிலானில் எங்கள் ஊரான பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து படைக்குப் போன நம் பிள்ளைகளே குறைவு, அதிலும் நீர்மூழ்கி என்றதும் கேட்பவர்கள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டு அப்புறம்தான் "ஏன்க்கா அனுப்புனீங்க?" என்கிறார்கள். நாங்கள் அனுப்பவில்லை, அவனாகக் கேட்டுப் போனான். விருப்பப்பட்டு வருகிறவர்களைத்தான் அந்தப் பிரிவில் எடுக்கிறார்கள், அதற்கும் உடல் பரிசோதனை, மனநிலைப் பரிசோதனை எல்லாம் தாண்ட வேண்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை வைத்திருக்கும் சிலர் விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் தஞ்சோங் பெங்கெலேயில் நடக்கும் ரெக்ரூட் பயிற்சி வேறு, இது வேறு. அங்கே உடம்பைத்தான் போட்டு வாட்டுவார்கள். வெயில், ஓட்டம், அணிவகுப்பு, கடைசியில் பெற்றோரை அழைத்து பரேட், அழுகை, போட்டோ. அது தாங்கக்கூடியதுதான். நீர்மூழ்கிப் பயிற்சியில் பெரிய பாரம் படிப்பு. நம் நாட்டில் இருப்பது துங்கு அப்துல் ரஹ்மான், துன் ரசாக் என்று இரண்டே நீர்மூழ்கிகள், 2009-லும் 2010-லும் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 67 மீட்டர் நீளம், உள்ளே 31 பேர்தான். ஆள் அவ்வளவு குறைவு என்பதால் "இது என் வேலை இல்லை" என்று யாரும் ஒதுங்க முடியாது. என்ஜின் ஆளுக்கும் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது, காற்று எங்கே சேமிப்பில் இருக்கிறது, இருட்டில் எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். நினைவிலிருந்து வரைந்து காட்ட வேண்டும், கேட்டால் நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். எல்லாம் தேறினால்தான் நீர்மூழ்கி வீரர் என்பதற்கான டால்பின் சின்னம்.

அவன் பேராக் லுமூட் கடற்படைத் தளத்தில், தண்ணீருக்கு மேலே ஓடும் சாதாரணக் கப்பலில் வேலை செய்தபோது கூப்பிட்டாலே சிரிப்புதான். செப்பாங்கார் போன கொஞ்ச நாளில் குரல் மாறிப்போனது. ஒரு ராத்திரி, "முடியாது போலிருக்கும்மா, படிச்சது எதுவும் தலையில நிக்கல" என்றான். வந்துவிடு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் போனை அவன் அப்பா வாங்கிக்கொண்டார். அவர் தோட்டத்து வர்க்‌ஷாப்பில் மெக்கானிக், செம்பனை ஏற்றும் லாரி, டிராக்டர் எல்லாம் அவர் கையில்தான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தண்ணிக்கு அடியில டீசல் என்ஜினுக்குக் காத்து எங்கேருந்துடா வரும்? எனக்கு வெளங்கல, சொல்லு" என்றார்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஆழத்தில் என்ஜின் ஓடாது, அப்போது எல்லாமே பேட்டரியில். பேட்டரி இறங்கினால் மேற்பரப்புக்குக் கிட்டே வந்து, ஸ்நோர்கல் குழாயை மட்டும் வெளியே நீட்டி, காற்றை இழுத்து, டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்றுவார்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருமே, அதை எப்படி வெளியேற்றுகிறீர்கள் என்று இவர் அடுத்ததைக் கேட்டார். அவனுக்கு உடனே பதில் வரவில்லை, தேடிப் படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடும்போதெல்லாம் இது நடக்கிறது. பாடப் புத்தகத்தில் பொதுவாக இருக்கும் விஷயங்கள் மட்டும்தான். அவர்கள் கப்பலுக்கே உரியது எதுவானாலும் "அது வேணாம்பா" என்பான், இவரும் விட்டுவிடுவார். அப்பாவுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் அவனுக்கு முதலில் புரிந்தாக வேண்டும். நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை, எனக்கும் ஒன்றும் தெரியாதுதான், ஆனால் நானும் கேட்கிறேன், அவன் பொறுமையாகச் சொல்கிறான். தைரியமாக இரு, உன்னால் முடியும் என்று நாம் ஆயிரம் தடவை சொல்வதைவிட, அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொள்வதில்தான் அந்தப் பிள்ளைக்குப் பலம் வருகிறது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் பாலிக்கு வடக்கே இந்தோனேசியாவின் நங்காலா என்ற நீர்மூழ்கி மூழ்கி, அதில் இருந்த 53 பேரும் போனார்கள். நம் மெகா பக்தி மீட்புக் கப்பலும் உதவிக்குக் கிளம்பியது. அந்த 53 வீட்டு அம்மாக்களை நினைத்தால் இன்னமும் எனக்குத் தூக்கம் போய்விடும். இதை அவனிடம் பேசினால் அவன் பாரத்தோடு என் பாரமும் சேரும், அதனால் வீட்டுக்காரரிடமும் என் தங்கச்சியிடமும்தான் பேசுகிறேன். உள்ளே ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதுதான் பயிற்சியில் பெரும் பகுதி என்று தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் நிதானம் வந்தது.

முடிந்தால் மலாக்கா கிளேபாங் போய் வாருங்கள். ஊசாண் என்ற பழைய பிரெஞ்சு நீர்மூழ்கி அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. 1978-இல் சேவைக்கு வந்தது, நம் முதல் குழுவினர் பிரான்சில் பயிற்சி எடுத்தது அதில்தான், 2011-இல் இங்கே கொண்டுவந்தார்கள். உள்ளே படுக்கையைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு ஆள் புரண்டு படுக்க முடியாத அகலம். வெளியே வந்து அழுதேன், ஆனால் அவன் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு எனக்குக் காட்சியாகத் தெரிகிறது. அழுதாலும் பரவாயில்லை, போய்ப் பாருங்கள்.

அப்புறம் மௌனம். கடலுக்குள் போன் அலை போகாது, அதனால் கப்பலில் ஏறிவிட்டால் போன் வராது. எப்போது புறப்படுகிறது, எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று கேட்கக் கூடாது. அவனாக வாய் தவறிச் சொன்னாலும் அது நம்மோடு நிற்க வேண்டும். எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெரியப்பா ஒருவர் பெருமையில் கேட்டுக்கொண்டே இருந்தார், நேரில் போய் உட்கார்ந்து விளக்கினேன், புரிந்துகொண்டார். வீட்டில் சின்ன சண்டை, மின்சார பில், பக்கத்து வீட்டு வம்பு எதையும் அவன் காதுக்குக் கொண்டுபோவதில்லை. பெரிய விஷயம், அதாவது பாட்டிக்கு உடம்பு முடியவில்லை போன்றது என்றால் மறைப்பதும் இல்லை. பிறகு தெரிந்தால் நாம் சொல்லும் "எல்லாம் நல்லாயிருக்கு" என்பதை அவன் நம்பமாட்டான்.

தீபாவளிக்கு அவனுக்கு விடுப்பு கிடைக்குமா என்று கேட்கவில்லை. கிடைக்காவிட்டால் நாங்கள் கோத்தா கினாபாலு போவதாக இருக்கிறோம். கோலாலம்பூர் கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், சபாவில் இறங்கியதும் தீபகற்பத்திலிருந்து போகும் நமக்கும் குடிநுழைவுச் சோதனை உண்டு, மைகார்டை (அடையாள அட்டையை) காட்டினால் போதும். முறுக்கும் காய்ந்த நெத்திலி சம்பலும் கேட்டிருக்கிறான், கூட இருக்கும் மலாய்ப் பையன்களுக்கும் சேர்த்து.