எஸ்ஜிபிடி கூடுது, எல்டிஎல் குறையுது: ஏன்?

கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் எஸ்ஜிபிடி (கல்லீரல் என்சைம்), லிப்பிட் புரொஃபைல் ("கெட்ட கொலஸ்ட்ரால்" எல்டிஎல் உள்ளிட்ட ரத்தக் கொழுப்பு அளவுகள்), ஹார்மோன், மரபணு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வேலையில், பாதிப் பிழைகள் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே நுழைந்துவிடுகின்றன.

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்கிறோம். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். என்சைம், கொழுப்பு, ஹார்மோனுக்குச் சீரம் குழாய். டிஎன்ஏவுக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாய். பச்சை மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். சிவப்பணு உடைந்த மாதிரியில் எஸ்ஜிஓடி என்ற இன்னொரு என்சைம் பொய்யாக ஏறும். முந்தின நாள் கடுமையாக எடை தூக்கியவருக்கும் ஏறும். தசை என்சைமான சிகேயும் கூடியிருந்தால் தசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். சில கருவிகளில் எஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன் அளவுகளை அது கூட்டிக் காட்டும். டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 400ஐத் தாண்டினால் கணக்குப் போட்டு வரும் எல்டிஎல் எண்ணை நம்பக்கூடாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

மரபணுவில் முதலில் பார்ப்பது பிஎன்பிஎல்ஏ3. அதன் புரதத்தில் 148வது இடத்தில் ஐசோலூசின் போய் மெத்தியோனின் வந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும். 2008இல் வெளியான டல்லாஸ் ஆய்வு காட்டியது இதைத்தான். அடுத்தது டிஎம்6எஸ்எஃப்2. இதில் 167வது இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் லைசின் வந்தால், கல்லீரல் விஎல்டிஎல்லாக (பின்னால் எல்டிஎல்லாக மாறும் கொழுப்புப் பொட்டலம்) வெளியே அனுப்பும் கொழுப்பு குறைகிறது. உள்ளே தேங்குவதால் எஸ்ஜிபிடி ஏறும், ரத்தத்தில் எல்டிஎல் இறங்கும். "கொலஸ்ட்ரால் சூப்பர்" என்று சொல்லி அனுப்பிவிடுவது இவர்களைத்தான்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்பா, பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் செயல்பாட்டைத் தூண்டுகிறது, அந்த 148 மாற்றம் பெண்களிடம் கூடுதல் பாதிப்பைக் காட்டுகிறது என்று 2023இல் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலில் எஸ்ஜிபிடி மேல்வரம்பு ஆண்களுக்கு 33, பெண்களுக்கு 25. ஆனால் பல லேப் தாள்களில் இருவருக்கும் ஒரே வரம்பு, அதுவும் 40க்கு மேல். பெண்ணுக்கு 36 வந்தாலும் "நார்மல்" என்றே அச்சாகும். இது மாறியே ஆகவேண்டும்.

ஹார்மோன் மருந்து என்றால் பெயர் மட்டும் எழுதினால் போதாது. எந்த வழியில் போகிறது என்பதும் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போவதால் எச்டிஎல் ("நல்ல கொலஸ்ட்ரால்"), டிரைகிளிசரைடு ஏறும், எல்டிஎல் இறங்கும். தோலில் ஒட்டும் பேட்ச்சில் இந்த விளைவு குறைவு. ஸ்டானோசோலால் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையோ எச்டிஎல்லைச் சரித்துவிடும், எஸ்ஜிபிடியையும் ஏற்றும். மருந்தைக் கேட்காமல் மரபணுவின் மேல் பழி போடக்கூடாது.

பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் தாய், தந்தை வழி வந்த இரு பிரதியிலும் இருந்து, எஸ்ஜிபிடி 25க்கு மேல் நிற்கும் பெண்ணுக்கு வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து, கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கு போடுங்கள். 1.3ஐத் தாண்டினால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு எழுதிக்கொடுங்கள், எல்டிஎல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.